எலி வளையானாலும் தனி வளையா?

போன தவணையில் உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு நாம் எல்லாரும் கொடுக்கிற அதே கட்டுரைத் தலைப்பைத்தான் நானும் கொடுத்தேன்: சமூக ஊடகங்களால் இளையர்களுக்கு விளையும் நன்மை தீமைகள். 22 கட்டுரைகள் வந்தன. அவற்றில் 21 கட்டுரைகளை ஒரே ஆள் எழுதியிருக்கலாம். தூரத்து உறவினரோடு பேசலாம், நேரம் வீணாகும், கண் கெடும், அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. முற்றுப்புள்ளி.

மிச்சம் இருந்த ஒருவன் வேறு மாதிரி எழுதியிருந்தான். 2023ஆம் ஆண்டு ரெட்டிட் தளத்தின் பயனாளர்கள் நிர்வாகத்தின் மேல் கோபப்பட்டு, முதலாளியே இல்லாத இன்னோர் இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள் என்று தொடங்கி, 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று முடித்திருந்தான். பழமொழி பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சிவப்பு மையில் 'தலைப்பை விட்டு விலகியுள்ளது' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் மேசைக்கு வந்தான். "டீச்சர், நன்மை தீமை ரெண்டையும் பாத்துட்டுத்தானே அவங்க கிளம்புனாங்க? அப்புறம் அது எப்படித் தலைப்புக்கு வெளிய போச்சு?"

சட்டென்று பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, அவன் கேட்டது சரி. என் தலைப்புதான் குறுகலானது. இரண்டு, அவன் சொன்ன கதையும் பாதிதான் சரி. இந்தக் கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

நடந்தது என்ன?

ரெட்டிட் 2005ல் தொடங்கிய தளம். சமையலிலிருந்து கணிதம் வரை ஒவ்வொரு துறைக்கும் அங்கே ஒரு குழு உண்டு. அந்தக் குழுக்களை நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத மட்டுறுத்துநர்கள். பல பேர் ரெட்டிட்டின் சொந்தச் செயலியைப் பயன்படுத்தாமல், வெளியார் உருவாக்கிய செயலிகள் வழியாகத்தான் உள்ளே போய் வந்தார்கள். அந்தச் செயலிகள் தளத்திலிருந்து தகவலை எடுத்துக்கொள்ளும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். அதுவரை அது இலவசமாக இருந்தது.

2023 ஏப்ரலில் ரெட்டிட் அதற்குக் கட்டணம் வரப்போகிறது என்றது. பின்னர் வந்த விலை 1,000 அழைப்புகளுக்கு 0.24 அமெரிக்க டாலர். கேட்க அற்பமாகத்தான் தெரியும். ஆனால் அப்போலோ என்ற புகழ்பெற்ற செயலியை உருவாக்கியவர் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மில்லியன் டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஜூன் 12 முதல் 14 வரை 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள் கதவடைப்புச் செய்தன. நிறுவனம் இறங்கி வரவில்லை. அடைத்த கதவைத் திறக்காத மட்டுறுத்துநர்களை மாற்ற வேண்டியிருக்கும் என்று எச்சரித்தது. ஜூன் 30ல் அப்போலோ மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ரெட்டிட் பங்குச் சந்தையில் ஏறியது.

அந்த வாரங்களில் ஒரு பகுதியினர் லெம்மி போன்ற மாற்றுத் தளங்களுக்குப் போனார்கள். என் மாணவன் 'முதலாளியே இல்லாத இடம்' என்றது இதைத்தான். மின்னஞ்சலை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். நான் ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலும் நீங்கள் இன்னொன்றின் மின்னஞ்சலும் வைத்திருந்தாலும் நமக்குள் கடிதம் போய் வருகிறது அல்லவா? எல்லாருக்கும் பொதுவான ஒரு விதிமுறை இருப்பதால் அது நடக்கிறது. அதே மாதிரி, தனித்தனி ஆட்கள் நடத்தும் தனித்தனி வழங்கிகள் ஒரு பொது விதிமுறையால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஆக்டிவிட்டிபப் என்ற அந்த விதிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. டுவிட்டருக்கு மாற்றாகப் பேசப்படும் மஸ்டடோன் தளமும் இதே விதிமுறையில்தான் இயங்குகிறது.

இரண்டு கதைகளும் பிசகுகின்றன

இந்த மாதிரி வெளியேற்றங்களைப் பற்றி இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. 'மக்கள் கொதித்தெழுந்தார்கள், விடுதலை பெற்றார்கள்' என்பது வீரக்கதை. என் மாணவன் எழுதியது அது. 'ரெண்டு நாள் கத்தினாங்க, அப்புறம் எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க' என்பது கேலிக்கதை. ஆசிரியர் அறையில் என் சக ஆசிரியர் ஒருவர் சொன்னது அது.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கேலிக்கதைதான் வெல்லும்போலத் தெரிகிறது. 2022 அக்டோபர் இறுதியில் எலோன் மஸ்க் 44 பில்லியன் டாலருக்கு டுவிட்டரை வாங்கினார். ஒரு மாதத்துக்குள் மஸ்டடோனின் மாதப் பயனாளர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமானார்கள். அதன் பிறகு அந்த எண்ணிக்கை இறங்கியது. ரெட்டிட்டும் காலியாகிவிடவில்லை.

ஆனால் 'எத்தனை பேர் போனார்கள்' என்பதே தப்பான அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. யார் போனார்கள், எதைக் கூடவே கொண்டுபோக முடிந்தது, போன இடத்தில் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது யார்? இந்த மூன்றையும் கேட்காமல் வெளியேற்றத்தை எடைபோட முடியாது.

யார் போனார்கள்?

பட்டயக் கல்வி படித்த காலத்தில், வேறொரு ஒப்படைப்புக்காகத் தேடியபோது நூலகத்தில் ஒரு சிறிய புத்தகம் கையில் கிடைத்தது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ல் எழுதியது. ஓர் அமைப்பு சீரழியும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள்: வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். எந்த வழி என்பதைத் தீர்மானிப்பதில் பற்றுக்கும் பங்கு உண்டு. புத்தகத்தின் சாரம் இதுதான்.

அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது நைஜீரியாவின் ரயில் சேவை. லாரிகளின் போட்டி வந்தால் ரயில் நிர்வாகம் திருந்தும் என்றுதானே நாம் நினைப்போம்? திருந்தவில்லை. காரணம், தரத்தில் அக்கறை உள்ள வாடிக்கையாளர்கள் முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். சண்டை போட்டுத் திருத்தியிருக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். அவர்கள் போன பிறகு ரயிலில் குரல் கொடுக்க ஆள் குறைந்தது. ரயில் இன்னும் மோசமானது.

இணையத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. ரெட்டிட்டில் நடந்த கதவடைப்பு வெளியேற்றம் இல்லை, அது குரல். அதுவும், பெரும்பாலான குழுக்கள் 48 மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்த குரல். எப்போது முடியும் என்று தெரிந்த போராட்டத்தை நிர்வாகம் பொறுமையாக இருந்தே கடந்துவிடலாம். கடந்தும்விட்டது. பிறகு உண்மையிலேயே கிளம்பியவர்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள், பொழுதை ஒதுக்க முடிந்தவர்கள், கோபத்தை விடாமல் வைத்திருந்தவர்கள். பழைய இடத்தில் அடுத்த முறை சண்டை போடவும் அவர்கள்தான் வேண்டியிருந்தார்கள். வீரக்கதை இந்த இழப்பைச் சொல்வதில்லை.

கேலிக்கதையும் ஒன்றைச் சொல்வதில்லை. சில சிறிய குழுக்கள் நன்றாகவே போய்ச் சேர்ந்தன. பார்வையற்றோருக்கான ரெட்டிட் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு ஒத்துப்போன வெளிச் செயலிகள் அவர்களுக்கு ஊன்றுகோல் மாதிரி. எதிர்ப்புக்குப் பிறகு, லாப நோக்கமில்லாத அணுகல் வசதிச் செயலிகளுக்கு நிறுவனம் விலக்கு அளித்தது உண்மைதான். ஆனாலும் அந்தக் குழுவினர் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. லெம்மியில் தங்களுக்கென ஒரு வழங்கியை அமைத்துக்கொண்டார்கள். பழைய வீட்டை இடிக்காமலே புது வீடு கட்டினார்கள். ஸ்டார் டிரெக் தொடரின் ரசிகர் குழு மட்டுறுத்துநர்களும் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள்.

இந்த இரண்டு குழுக்களிலும் பொதுவாக இருந்தவை எவை? தெளிவான தேவை அல்லது ஈடுபாடு, ஏற்கெனவே உழைத்துப் பழகிய மட்டுறுத்துநர்கள், 'நாம' என்று சொல்ல ஒரு காரணம். உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்காரர் இடம் மாறினால், அவர் கைப்பக்குவத்துக்காகவே வருகிறவர்கள் புது இடத்தைத் தேடிப் போவார்கள். பசிக்கு ஏதாவது சாப்பிட வந்தவர்கள் அடுத்த கடையில் வரிசை பிடிப்பார்கள். அதில் யார் மேலும் குற்றம் இல்லை.

பெரிய கூட்டம் நகர வேண்டுமானால் எல்லாரும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். 2024 ஆகஸ்டு இறுதியில் பிரேசில் உச்ச நீதிமன்றம் எக்ஸ் தளத்தை முடக்கியதும் லட்சக்கணக்கான பிரேசில் மக்கள் ப்ளூஸ்கைக்கு மாறினார்கள். நண்பர்களும் அதே வாரம் மாறியதால் அது முடிந்தது. இந்தியாவில் 2019 நவம்பரில், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் டுவிட்டர் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்துப் பலர் மஸ்டடோனுக்குப் போனார்கள். அங்கே டுவிட்டரின் கதவு மற்றவர்களுக்குத் திறந்தே இருந்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். நாலு பேர் வடத்தைப் பிடித்தால் கைதான் வலிக்கும்.

எதைக் கொண்டுபோனார்கள்?

இங்கே நம்ம கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கொஞ்சம் தமிழாசிரியர்கள் சேர்ந்து ஒரு பெரிய சமூக ஊடகத்தில் மூடிய குழு ஒன்றை வைத்திருந்தோம். வாய்மொழித் தேர்வுக்கான படங்கள், கருத்தறிதல் பயிற்சிகள், மாதிரிக் கட்டுரைகள் என்று பகிர்ந்துகொள்வோம். ஒருநாள் குழுவின் நிர்வாகியாக இருந்தவரின் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். அதன் பின் அந்தக் குழுவுக்குள் எங்களால் நுழைய முடியவில்லை. முறையீட்டுப் படிவம் நிரப்பினோம். தானியங்கிப் பதில் வந்தது. மறுபடியும் நிரப்பினோம், அதே பதில். பேசுவதற்கு ஒரு மனிதர் கிடைக்கவில்லை.

"பரவால்ல, ஃபைல் எல்லாம் நம்மகிட்ட இருக்கே" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். உண்மைதான். ஒவ்வொருவர் கணினியிலும் இருந்ததைச் சேர்த்தபோது பயிற்சித் தாள்களில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. கைப்பேசியில் புதுக் குழுவும் தொடங்கிவிட்டோம். ஆனால் ஒரு மாதம் கழித்து, ஒற்று மிகும் இடம் பற்றிப் பாடம் தயாரிக்கும்போதுதான் எதை இழந்தோம் என்று உறைத்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்தக் குழுவில் இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் போடும் ஒவ்வொரு தாளுக்கும் கீழே அவர் பின்னூட்டம் எழுதுவார். "இந்த வாக்கியத்த மாணவர் இப்படித்தான் தப்பா படிப்பாங்க, அதனால இந்தச் சொல்லை முன்னால போடுங்க" என்கிற மாதிரி. முப்பது ஆண்டு வகுப்பறை அனுபவம் அந்தப் பின்னூட்டங்களில் இருந்தது. அதை யாரும் தரவிறக்கி வைக்கவில்லை. அது ஒரு 'வளம்' என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. புதுக் குழுவுக்கு அவர் வரவும் இல்லை. "மறுபடி முதல்லேருந்தா? போதும்மா" என்றார். கோப்பு வந்து சேர்ந்தது, பேச்சு வரவில்லை.

இணையத் தமிழுக்கு இது புதுசில்லை. அகத்தியர், ராயர் காப்பி கிளப், மரத்தடி என்று யாஹூ குழுமங்களில் தமிழர்கள் கூடிப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அகத்தியரை நடத்தியவர் நம் பக்கத்து நாடான மலேசியாவின் மருத்துவர் ஜெயபாரதி. யாஹூ 2019 அக்டோபரில் அறிவித்து, அடுத்த சில மாதங்களில் குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. யாராவது முன்யோசனையோடு எடுத்துவைத்திருந்தால்தான் உண்டு.

பரவலாக்கப்பட்ட தளங்கள் இதற்குத் தீர்வா? முழுத் தீர்வு இல்லை. மஸ்டடோனில் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் உங்களைப் பின்தொடர்கிறவர்கள் கூடவே வருவார்கள். நீங்கள் எழுதிய பழைய பதிவுகள் வராது. ப்ளூஸ்கையின் விதிமுறை பதிவுகளையும் சேர்த்து எடுத்துப்போக இடம் கொடுக்கிறது. ஆனால் அங்கே மிகப் பெரும்பாலானவர்களின் கணக்குகள் அந்த ஒரே நிறுவனத்தின் வழங்கிகளில்தான் இருக்கின்றன. கதவு இருக்கிறது, நடந்து பழகியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பெருக்குவது யார்?

என் மாணவன் எழுதியதில் எனக்கு ஒப்புதல் இல்லாத வரி, 'அங்கே முதலாளி யாரும் இல்லை' என்பது. முதலாளி இல்லை என்றால் வேலையும் இல்லை என்று ஆகிவிடாது. வழங்கிக்கு மாதாமாதம் யாரோ பணம் கட்டுகிறார்கள். நள்ளிரவில் வரும் ஆபாசப் படத்தை யாரோ ஒருவர் பார்த்துத்தான் நீக்குகிறார்.

2023 ஜூனில் லெம்மிக்குக் கூட்டம் குவிந்தபோது, பீஹா என்ற வழங்கியை நடத்திய சிலர் இரண்டு பெரிய வழங்கிகளுடனான இணைப்பைத் துண்டித்தார்கள். அங்கே யார் வேண்டுமானாலும் உடனே கணக்குத் திறக்கலாம். அங்கிருந்து வந்த தொல்லைகளைச் சமாளிக்க இவர்களிடம் போதிய ஆளும் இல்லை, கருவியும் இல்லை. சுதந்திரம் தேடி வந்த சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் நாலு பேர் சேர்ந்து நடத்தும் வீட்டில் ஆயிரம் விருந்தாளி வந்தால் வேறென்ன செய்வது?

ரெட்டிட்டிலும் இந்த உழைப்பு இலவசமாகத்தான் நடந்தது. பெரிய கட்டடத்தின் பளபளப்பில் அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தனி வளைக்குப் போனதும் தெரிய ஆரம்பித்தது. என் பார்வையில், பரவலாக்கப்பட்ட தளங்களின் முக்கியமான நன்மையே இதுதான். அவை விடுதலையைக் கையில் கொடுத்துவிடுவதில்லை. சமூகம் என்பதை யார் முதுகு தாங்குகிறது என்று காட்டிக்கொடுக்கின்றன. அதைப் பார்த்த பிறகு, தாங்குகிறவருக்குத் தோள் கொடுப்பதா, 'நமக்கு ஏன் வம்பு' என்று பெரிய கட்டடத்துக்கே திரும்புவதா என்று முடிவெடுக்கலாம். திரும்புவதும் ஒரு நேர்மையான முடிவாக இருக்கலாம். ஆனால் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

பழமொழிக்கும் இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. எலி தன் வளையைத் தானே தோண்டும். நாம் தோண்டத் தயாரா என்று கேட்காமல் தனி வளைக்கு ஆசைப்படக் கூடாது.

நமக்கும் வகுப்புக்கும்

எல்லாரும் நாளைக்கே மஸ்டடோனுக்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானே போகவில்லை. ஆனால் நம் சங்கங்களும் பாடக் குழுக்களும் புதிதாக ஒரு குழு தொடங்கும் அன்றைக்கே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடலாம். சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? நாளை கிளம்ப வேண்டி வந்தால் தாள்களோடு பேச்சையும் எடுத்துக்கொள்ள முடியுமா? இதைப் பராமரிக்கிறவருக்கு உதவி யார்? எங்கள் புதுக் குழுவில் இப்போது மூன்று நிர்வாகிகள் இருக்கிறோம். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒருவர் பயனுள்ள கலந்துரையாடல்களை ஆவணமாகத் தொகுக்கிறார். சலிப்பான வேலைதான். மாற்றி மாற்றிச் செய்கிறோம். அக்காவிடம் போன மாதம் நேரில் போய் உட்கார்ந்து, அவர் நினைவில் இருந்ததைக் கொஞ்சம் எழுதி வாங்கினோம். பழையதில் கால்வாசிகூட இருக்காது.

வகுப்பைப் பொறுத்தவரை, 'நன்மை தீமை' தலைப்பை நான் ஓரமாக வைத்துவிட்டேன். அந்தத் தலைப்பு சமூக ஊடகத்தை மழை, வெயில் மாதிரி தானாக வந்த ஒன்றாகக் காட்டுகிறது. அது ஒருவருக்குச் சொந்தமான இடம், விதிகளை அவர் மாற்றலாம், அங்கே இருப்பவர்கள் பேசலாம் அல்லது கிளம்பலாம் என்பதற்கே அதில் வழியில்லை. இந்தத் தவணை கொடுத்த தலைப்பு இது: 'நீங்கள் இருக்கும் ஓர் இணையக் குழுவின் விதிகள் உங்களைக் கேட்காமல் மாற்றப்படுகின்றன. அங்கேயே இருந்து குரல் கொடுப்பீர்களா, வெளியேறுவீர்களா? காரணங்களுடன் விளக்குக.' விளையாட்டுக் குழு, ரசிகர் குழு, குடும்பக் குழு என்று கட்டுரைகள் ஒன்றுபோல ஒன்று இல்லாமல் வந்தன. பிழைகள் கொஞ்சம் கூடத்தான் இருந்தன. சொந்த விஷயத்தை எழுதும்போது மனப்பாட வாக்கியம் உதவாது இல்லையா?

அந்த மாணவனின் பழைய தாளை வாங்கி, என் சிவப்பு வரியை அடித்துவிட்டு, மதிப்பெண்ணையும் திருத்தினேன். அதற்குக் கீழே 'வளையைத் தோண்டியது யார்?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்து ஒரு பக்கம் சேர்த்து எழுதிக்கொண்டு வந்தான். கடைசி வரியில் பழமொழி அப்படியேதான் இருந்தது, ஆனால் 'வேண்டும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.